ஆர்.என். படிப்பில் இடம் பிடிக்க: கம்யூனிட்டி காலேஜ் என்னென்ன கேட்கும்?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். பள்ளிப் படிப்பை முடித்ததற்கு ஒரு சான்று, அந்த வட்டாரத்தில் குடியிருப்பதற்கு ஒரு சான்று, இவை இருந்தால் அடுத்த செமஸ்டரிலேயே வகுப்பில் உட்காரலாம். அதை நம்பி, நர்சிங்கும் இப்படித்தான் இருக்கும் என்று வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே திகைத்துப் போகிறார்கள். கல்லூரியில் சேர்வது வேறு. அதே கல்லூரியின் நர்சிங் ப்ரோகிராமில் இடம் வாங்குவது வேறு. இரண்டாவதற்குத் தனி விண்ணப்பம், தனித் தகுதி, தனிப் போட்டி.

போட்டிக்குக் காரணம் எளியது. நர்சிங் மாணவர்களை மருத்துவமனை வார்டுக்குள் அழைத்துப் போய்ப் பழக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில் சுமார் பத்து மாணவர்களுக்கு மேல் விடக்கூடாது என்பது பல மாநிலங்களில் நடைமுறை. ஆசிரியர்களும் பெரும்பாலும் முதுகலை படித்த நர்ஸாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளத்தைக் கல்லூரியால் கொடுக்க முடிவதில்லை. ஆகவே விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வந்தாலும் இடங்கள் சில டஜன்கள்தான்.

இந்தப் படிப்பின் பெயர் அசோசியேட் டிகிரி இன் நர்சிங், சுருக்கமாக ஏ.டி.என். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில், மில்ட்ரெட் மான்டேக் என்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் எழுதிய ஆய்வேட்டில் பிறந்த யோசனை இது. 1951-ல் அது நூலாக வந்தது. 1952-ல் சில ஜூனியர் காலேஜ்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். இரண்டாண்டு படித்தவர்களுக்குத் தனி நிலை இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அவர்களும் எல்லோரும் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதி ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆனார்கள். இன்றைக்கும் அதே நிலைதான். நான்காண்டு பி.எஸ்.என். படித்தவரும் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ்-ஆர்.என். தேர்வு, வாங்குவது ஒரே உரிமம். அதனால்தான் குறைந்த கட்டணத்தில் இந்த வழியைத் தேடி இத்தனை பேர் வருகிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஏற்கெனவே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை. நீங்கள் மீண்டும் முதலாண்டு மாணவியாக வேண்டியதில்லை. உங்கள் மாநில நர்சிங் போர்டு சொல்லும் முறைப்படி சான்றிதழ்களை மதிப்பீடு செய்து நேரே என்க்ளெக்ஸ் எழுதும் பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முன்பாடங்கள்: உண்மையான தேர்வு இங்கேதான்

விண்ணப்பம் போடும் மாதத்தில் முடிவாவது கொஞ்சம்தான். உங்கள் இடம் அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பே, ப்ரீரெக் என்று எல்லோரும் சொல்லும் முன்பாட வகுப்புகளில் முடிவாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டு தொடங்குகிறவர்களே பெரும்பாலும் முதல் முயற்சியில் உள்ளே போகிறார்கள்.

பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனாலும் உடற்கூறும் உடலியங்கியலும், அதாவது அனாடமி அண்ட் ஃபிசியாலஜி, இரண்டு செமஸ்டர் ஆய்வகத்தோடு வேண்டும். மைக்ரோபயாலஜி ஆய்வகத்தோடு வேண்டும். ஆங்கிலக் கட்டுரைப் பாடம், பொது உளவியல், மனித வளர்ச்சி உளவியல், புள்ளியியல் அல்லது கல்லூரி அல்ஜீப்ரா ஆகியவை பெரும்பாலும் இருக்கும். சில கல்லூரிகள் வேதியியலும் ஊட்டச்சத்துப் பாடமும் கேட்கும். சில இடங்களில் அனாடமி வகுப்பில் சேரவே ஒரு பயாலஜி பாடம் முடித்திருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் திட்டம் போட்டால் ஒரு முழு செமஸ்டர் கையை விட்டுப் போகும்.

இவற்றில் உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டியது அனாடமி. நம் ஊரில் பிளஸ் டூவில் விலங்கியல் படித்தவர்கள், இதெல்லாம் பார்த்த பாடம்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்து அடி வாங்குவது இந்த வகுப்பில்தான். நம் தேர்வு முறை பத்தி பத்தியாக எழுதச் சொல்லும். இங்கே லேப் ப்ராக்டிகல் வேறு மாதிரி. ஆய்வக மேசைகளில் எலும்புகளையும் மாதிரிகளையும் வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம் அளவில்தான் நேரம். மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அது ஃபெமர் என்று எழுதினால் போதாது. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அதன் மேல்முனையில் வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் கிரேட்டர் ட்ரொகான்டர் மீது என்றால் அந்தப் பெயர் வேண்டும், வலது காலா இடது காலா என்பதும் வேண்டும். எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். இதற்குப் படிக்க ஒரே வழி, ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தில் போய் எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. புத்தகப் படத்தை மனப்பாடம் செய்தவர்கள், மாதிரியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலே தடுமாறிவிடுவார்கள்.

மதிப்பெண் எப்படி விளையாடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று அறிவியல் பாடங்கள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2. அனாடமி முதல் பாகத்தில் ஏ, இரண்டாம் பாகத்தில் பி, மைக்ரோவில் ஏ வாங்கினால் அறிவியல் ஜி.பி.ஏ. 3.67. மைக்ரோவில் மட்டும் சி ஆனால் அது 3.0-க்கு இறங்குகிறது. பல கல்லூரிகள் குறைந்தபட்சத் தகுதியாக 2.5 என்றோ 3.0 என்றோதான் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது விண்ணப்பிக்கத் தேவையான எண். இடம் வாங்கியவர்களின் எண் அதைவிட மேலே இருக்கும். கடந்த சேர்க்கையில் இடம் பெற்றவர்களின் சராசரி என்ன என்று நர்சிங் துறை நடத்தும் இன்ஃபர்மேஷன் செஷனில் நேரடியாகக் கேளுங்கள். பல துறைகள் சொல்லிவிடும்.

சரியாகப் போகவில்லை என்றால் பாதியில் விட்டுவிட்டு அடுத்த செமஸ்டரில் மறுபடி எடுக்கலாம் என்ற யோசனையும் ஆபத்தானது. ஒரு பாடத்தை எத்தனை முறை மறுபடி எடுக்கலாம் என்பதற்குப் பல கல்லூரிகளில் வரம்பு உண்டு. பாதியில் விட்டதற்கு ட்ரான்ஸ்கிரிப்டில் விழும் டபிள்யூ என்ற எழுத்தையும் சில இடங்களில் ஒரு முயற்சியாக எண்ணுவார்கள். ஆகவே வேலையும் பிள்ளைகளும் இருக்கிறவர்கள் அனாடமியையும் மைக்ரோவையும் ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்காமல் இருப்பதே நல்லது. ஒரு செமஸ்டர் கூடுதலாகப் போனாலும் ஏ வாங்குவது முக்கியம்.

அறிவியல் பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஆய்வகத்தை ஆன்லைனில் முடித்தால் ஏற்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பட்டம் எவ்வளவு தூரம் உதவும்?

“அக்கா, நான் பி.இ. முடிச்சிருக்கேன், அதுல கொஞ்சம் கழிச்சுக்குவாங்களா?” என்பது தமிழ்ப் பள்ளி வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி. கழிப்பார்கள். எவ்வளவு என்பது உங்கள் மார்க் ஷீட் எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்திய ட்ரான்ஸ்கிரிப்டை நேரடியாகக் கல்லூரியில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். நேசஸ் அமைப்பில் உறுப்பினராக உள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள், டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. அங்கே இரண்டு வகை அறிக்கை உண்டு. பட்டம் எதற்கு இணை என்று மட்டும் சொல்வது ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தருவது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, கோர்ஸ் பை கோர்ஸ். விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். பல்கலைக்கழகத்திலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் நேரடியாக அனுப்பப்பட வேண்டியிருந்தால் ஊரில் ஒருவர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே அந்த வேலையை முடித்து வருவது புத்திசாலித்தனம்.

அறிக்கை கையில் வந்த பிறகு என்ன நடக்கும்? கணிதம், சில பொதுப் பாடங்கள் கழியலாம். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைப் பெரும்பாலும் இங்கேயே எடுக்கச் சொல்வார்கள். எடுத்தும் விடுங்கள், மேற்கோள் காட்டி எழுதும் முறையை அங்கே பழகினால் பிறகு நர்சிங் கட்டுரைகளுக்கு உதவும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் படித்த விலங்கியலும் உயிர்வேதியியலும் காலாவதி விதியில் அடிபட்டுப் போகும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். இங்கே புதிதாக எடுத்து ஏ வாங்குவது பழைய 58 சதவீதத்தைச் சுமந்து வருவதைவிட நல்லது.

ஏற்கெனவே பட்டம் இருந்தால் பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 மாதத்தில் பி.எஸ்.என். தரும் துரிதப் படிப்பும் உண்டு. கட்டணம் பல மடங்கு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கிட்டத்தட்ட முடியாது. கையில் பணமும் வீட்டில் துணைக்கு ஆளும் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். முடித்து, ஆர்.என். வேலையில் சேர்ந்து, ஆன்லைனில் ஆர்.என். டு பி.எஸ்.என். முடிப்பதே குடும்பஸ்தர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. மருத்துவமனைகள் பலவும் அதற்குக் கட்டண உதவி தருகின்றன. நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு இது கட்டாயமும்கூட: 2017-ல் கையெழுத்தான சட்டப்படி அங்கே புதிதாக உரிமம் பெறும் ஆர்.என்.கள் பத்து ஆண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலைப் பட்டம் முடிக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு

பெரும்பாலான கல்லூரிகள் டீஸ் அல்லது ஹெசி ஏ2 தேர்வு கேட்கும். எது என்பதைக் கல்லூரிதான் தீர்மானிக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று செல்லாது.

2022-ல் வந்த ஏழாம் பதிப்பின்படி டீஸ் தேர்வில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு 45 கேள்வி, கணிதம் 38, அறிவியல் 50, ஆங்கிலப் பயன்பாடு 37. இதில் 20 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை. எவை என்று உங்களுக்குத் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் விடாமல் குறியுங்கள். மதிப்பெண்ணில் சேரும் 44 அறிவியல் கேள்விகளில் 18 உடற்கூறு, உடலியங்கியல். எனவே அனாடமி இரண்டாம் பாகம் முடிந்த சூட்டோடு எழுதுவது நல்லது.

கணிதம் நம்மவர்களுக்குப் பயமில்லை. அவுன்ஸ், பவுண்டு, கேலன் மாற்றங்களை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ரிக்கில் வளர்ந்தவர்கள் அங்கேதான் வினாடிகளை இழக்கிறார்கள். பயிற்சி தேவைப்படுவது வாசிப்புப் பகுதிக்கு. ஒரு பத்தியைப் படித்துவிட்டு எழுத்தாளரின் நோக்கம் என்ன, எது கருத்து, எது தகவல் என்று பிரிக்கச் சொல்லும் கேள்விகள் நம் பள்ளிப் பழக்கத்தில் இல்லாதவை.

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் டீஸ் மொத்த மதிப்பெண் 62 சதவீதம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. ஹெசிக்கு 75, 80 என்று கல்லூரிகள் வைத்துக்கொள்கின்றன. மறுபடி எழுத எத்தனை நாள் இடைவெளி, எத்தனை முறை, பழைய மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும் என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் விதி.

புள்ளித் தாளைக் கையில் எடுங்கள்

தகுதி உள்ளவர்களில் யாரை எடுப்பது? சில கல்லூரிகள் குலுக்கல் போடும். சில, தகுதி வந்த வரிசையில் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கும். பல கல்லூரிகள் புள்ளி முறை வைத்திருக்கின்றன: அறிவியல் ஜி.பி.ஏ.-வுக்கு இத்தனை, டீஸுக்கு இத்தனை, மருத்துவமனை அனுபவத்துக்கு, ஏற்கெனவே உள்ள பட்டத்துக்கு, வேறு மொழி தெரிந்திருப்பதற்கு என்று. இந்தத் தாள் துறையின் விண்ணப்பக் கையேட்டில் இருக்கும். முதல் வகுப்பில் சேரும் முன்பே அதைத் தரவிறக்கி, உங்களுக்கு எங்கே எத்தனை புள்ளி கிடைக்கும் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். மொழிக்குப் புள்ளி உண்டென்றால் அவர்கள் குறிப்பிடும் மொழிகளில் தமிழ் உண்டா, இல்லாவிட்டாலும் சான்று காட்டினால் ஏற்பார்களா என்று விசாரியுங்கள்.

சில ப்ரோகிராம்கள் சி.என்.ஏ. எனப்படும் நர்சிங் உதவியாளர் சான்றையே தகுதியாகக் கேட்கும். கேட்காத இடத்திலும் அதை எடுக்கச் சொல்வேன். கூட்டரசு விதிப்படி குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி. மாநிலங்கள் கூடுதலாகவும் கேட்கும். படுக்கையிலிருக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டிப் பார்த்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பிறகு தெரிவதைவிட அது நல்லது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விவரம் பாருங்கள். மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ப்ரோகிராம் இருக்கிறதா; ஏசென் போன்ற தேசிய அங்கீகாரம் உண்டா. பிறகு, அங்கே படித்தவர்கள் முதல் முயற்சியில் என்க்ளெக்ஸ் தேறும் விகிதம். போர்டுகள் இதை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. வகுப்புக்கே போகாமல் ஆர்.என். டிப்ளமா தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023 ஜனவரியில் கூட்டரசு அதிகாரிகள் ஃப்ளோரிடாவில் வெளிக்கொண்டு வந்த வழக்கில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமாக்கள் விற்கப்பட்டது தெரிந்தது. பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர் உரிமத்தையும் இழந்தார்கள்.

விசாவும் பணமும்

ஹெச்-4 விசாவில் இருப்பவர் எஃப்-1-க்கு மாறாமலே படிக்கலாம். வேலைக்குத்தான் தடை. துணைவரின் ஐ-140 ஒப்புதலாகியிருந்தால் ஹெச்-4 இ.ஏ.டி. மூலம் வேலை செய்யலாம். 2015 முதல் இருக்கும் ஏற்பாடு இது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உரிமத்துக்கு அந்த எண் பல மாநிலங்களில் தேவை. கலிஃபோர்னியாவில் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் போதும். படித்து முடித்த பிறகு மலைக்காமல் இருக்க, உங்கள் மாநில போர்டிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள். ஹெச்-4-ல் இருக்கும் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். எஃப்-1 மாணவர்களை நர்சிங் ப்ரோகிராமில் எடுக்காத கல்லூரிகளும் இருக்கின்றன.

மாநிலவாசி என்ற கணக்கில் வந்தால் கட்டணம் மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஹெச்-4-ல் இருப்பவரை மாநிலவாசியாக ஏற்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிரீன் கார்டு உள்ளவர்கள் ஃபாஃப்ஸா நிரப்பிக் கூட்டரசு உதவி கேட்கலாம், ஆனால் பெல் க்ரான்ட் இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கு மட்டும். இந்தியாவில் வாங்கிய இளங்கலையும் பட்டமாகவே எண்ணப்படும். அதை மறைத்து விண்ணப்பித்தால் பிறகு பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். கல்லூரி ஃபவுண்டேஷன்கள் தரும் உதவித்தொகைகளுக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை.

இடம் கிடைத்த கடிதம் வந்த பிறகு

அந்தக் கடிதம் நிபந்தனையோடு வரும். பின்னணிச் சோதனை, கைரேகை, போதைப்பொருள் சோதனை, உடல் தகுதிச் சான்று, தடுப்பூசிப் பதிவு, பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி அட்டை எல்லாம் குறித்த தேதிக்குள் வேண்டும். மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும் சோதனையில் தெரிந்தால் இடம் போய்விடும். ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டர் சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் அல்லாடுகிறார்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிக்கு அட்டை எங்கே இருக்கிறது? இல்லையென்றால் டைட்டர் என்னும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்தால் அதுவே சான்று. இல்லாவிட்டால் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளை இரண்டு தவணை, குறைந்தது நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவற்றைப் போடக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்பே முடித்துவிட வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி ஊசி வழக்கமான முறையில் மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணையில் முடியும் ஹெப்லிசாவ் ஊசியும் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் அதைக் கேளுங்கள். கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியின் அளவு 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

காசநோய்ச் சோதனை தனிக் கதை. தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்த உடனே பி.சி.ஜி. போட்டிருப்பார்கள், இடது தோளில் தழும்பு இருக்கும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை அதனால் வீங்கி பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கூடுதல் படிவங்கள் என்று அலைச்சல். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் பாசிட்டிவ் வந்தால் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சொல்லும் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே சரியாக இருந்தால் அதற்காகப் படிப்பு பெரும்பாலும் தடைபடாது.

பி.எல்.எஸ். பயிற்சியில் பொம்மையின் மார்பை நேரில் அழுத்திக் காட்டும் பகுதி இருக்க வேண்டும். முழுக்க ஆன்லைனில் வாங்கிய அட்டையை ஏற்க மாட்டார்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை என்று குறிப்பிட்டுக் கேட்கும் கல்லூரிகள் பல. அது இரண்டு ஆண்டு செல்லும்.

க்ளினிகல் நாட்களில் காலை ஏழுக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டும், சில நாட்கள் பன்னிரண்டு மணி நேரம். குழந்தையை யார் பள்ளியில் விடுவது, காரை யார் எடுப்பது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

கடிதத்தில் ஆல்டர்னேட் என்று வந்தால் மனம் தளர வேண்டாம். இடம் கிடைத்தவர்களில் சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள், சிலர் கெடுவுக்குள் தடுப்பூசி முடிக்காமல் விடுவார்கள். ஓரியன்டேஷனுக்கு முந்தைய வாரம்கூட அழைப்பு வரும். அப்போது ஓரிரு நாளில் எல்லாச் சான்றையும் கேட்பார்கள். டைட்டர் முடிவு, காசநோய்ச் சோதனை, பி.எல்.எஸ். அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வைத்திருங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் அந்த வாரங்களில் எடுங்கள்.